இரவில் வயலுக்கு எடுத்துச் செல்ல, விலை குறைந்த, நல்ல வெளிச்சமுள்ள சார்ஜ் டார்ச் லைட் எது?

நீடாமங்கலத்து மகன்

அனைவருக்கும் வணக்கம். நீடாமங்கலத்துக்குத் தெற்கே கோரையாற்றுப் பாசனத்தில் எங்களுக்கு ஐந்து மா சொந்த நிலமும் பத்து மா குத்தகை நிலமும், மொத்தம் சுமார் ஐந்து ஏக்கர், உள்ளன. அப்பாவுக்கு 68 வயதாகிறது. பயிர் வேலை முழுவதையும் இன்றும் அவரே பார்க்கிறார். நான் திருப்பூரில் வேலையில் இருப்பதால் மாதம் ஒரு முறைதான் ஊருக்குப் போக முடிகிறது. முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்களில் எங்கள் மடைக்கு நீர் வந்து சேர நள்ளிரவு தாண்டிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை நேர்மாறு: விடிய விடிய மழை கொட்டினால், வடிகால் அடைத்துக்கொண்டதா, வரப்பு எங்காவது உடைத்துக்கொண்டதா என்று பார்க்க அதே நேரத்தில் அவர் எழுந்து போகிறார்.

இதுவரை அவர் வைத்திருந்தது, பின்பக்கத்தில் இரண்டு பின் வெளியே வந்து நேராகப் பிளக்கில் செருகும் வகைப் பிளாஸ்டிக் சார்ஜ் லைட். இப்போது இரவு முழுவதும் சார்ஜ் போட்டாலும் கால் மணி நேரத்தில் மங்கிவிடுகிறது. சென்ற மாதம் அந்த மங்கலான வெளிச்சத்தில், வரப்பின் மேல் கிடந்ததை வைக்கோல் பிரி என்று எண்ணிக் காலை வைக்கப் போனவர், அது அசைந்ததைக் கண்டு பின்வாங்கியிருக்கிறார். அது கண்ணாடி விரியன். இதை அப்பா என்னிடம் சொல்லவில்லை. அம்மா சொல்லித்தான் தெரிந்தது. அன்றிலிருந்து எனக்கு மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை.

1,000 ரூபாய்க்குள் வாங்க நினைக்கிறேன். அவசியமென்றால் 1,500 வரை செலவிடலாம். இணையத்தில் பார்த்தால் 600 ரூபாய்க்கே 50,000 லூமன் வெளிச்சம், 2 கிலோமீட்டர் தூரம், 9,900 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி என்று போட்டிருக்கிறார்கள். இவற்றில் எதை நம்புவது? தலையில் மாட்டும் விளக்கு நல்லதா, கையில் பிடிப்பது நல்லதா? முன்னே பின்னே இழுத்து வெளிச்சத்தைக் குவிக்கும் ஜூம் வகை தேவைப்படுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கும்பகோணம் ரிப்பேர் கடை

தம்பி, முதலில் அந்தப் பழைய லைட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதனுள் இருப்பது 4 வோல்ட் ஈய அமில பேட்டரி. அந்த வகை பேட்டரியைத் தீர்ந்த நிலையிலேயே போட்டு வைத்தால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். அதற்குப் பிறகு எத்தனை மணி நேரம் சார்ஜ் போட்டாலும் பழைய சக்தி திரும்பாது. இரண்டு மாதம் வேலையில்லை என்று மூலையில் போட்டுவிட்டு, தண்ணீர் வந்ததும் தேடி எடுப்பவர்களின் லைட்டுகள்தான் என் மேசைக்கு அதிகம் வருகின்றன. இன்னொன்றையும் உங்கள் அம்மாவிடம் கட்டாயம் சொல்லுங்கள். விலை குறைந்த அந்த மாடல்களில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அது ஒரு கெப்பாசிட்டர் வழியாக மட்டுமே குறைந்து நேராக உள்ளே வருகிறது. ஆகையால் பிளக்கில் இருக்கும்போது அதைக் கையில் பிடித்து எரியவிட்டுப் பார்ப்பதோ, ஈரக் கையால் சுவிட்சைத் தள்ளுவதோ கூடவே கூடாது. உடைந்த மூடியுள்ள லைட் என்றால் சார்ஜே போடாதீர்கள்.

புதிதாக வாங்குவது லித்தியம் பேட்டரி உள்ளதாக இருக்கட்டும்; அதுவும் 18650 என்ற அளவுள்ள, கழற்றி மாற்றக்கூடிய செல்லாக இருக்கட்டும். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம் என்பதுதான் அந்த எண்ணின் பொருள். எல்.இ.டி. எளிதில் போகாது, முதலில் சோர்ந்து போவது செல்தான். செல்லை உள்ளேயே பற்றவைத்து மூடிய லைட்டை, செல் போனவுடன் முழுதாகத் தூக்கிப் போட வேண்டியிருக்கும். கழற்றக்கூடியதாக இருந்தால் ஒரு செல் மட்டும் வாங்கிப் போட்டு இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம்.

9,900 என்று அச்சிட்ட செல் ஒன்று போன வாரம் என்னிடம் வந்தது. கையில் எடுத்ததுமே எடை குறைவாகத் தோன்றியதால், பக்கத்து நகைப் பட்டறைத் தராசில் வைத்துப் பார்த்தேன்: 29 கிராம். நல்ல 18650 செல் 45 முதல் 50 கிராம் வரை இருக்கும். இன்று கிடைக்கும் மிகச் சிறந்த 18650 செல்லிலேயே கொள்ளளவு ஏறத்தாழ 3,500 முதல் 4,000 மில்லி ஆம்பியர் மணி அளவில்தான் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் 5,000, 6,800, 9,900 என்று எந்த எண்ணைப் பார்த்தாலும் அந்தப் பொருளை அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். செல்லைப் பற்றியே பொய் சொல்பவர் வெளிச்சத்தைப் பற்றி உண்மை சொல்ல மாட்டார். செல்லின் மேலோ பெட்டியின் மேலோ ஐ.எஸ். 16046 என்ற தர எண்ணும் ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

மன்னார்குடி இயற்பியல் ஆசிரியை

மேலே கூறியதைக் கணக்காகவும் பார்த்துவிடலாம்; இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால் எந்த விளம்பரத்தையும் நீங்களே சோதித்துக்கொள்ளலாம்.

பொதுவாக ஓர் எல்.இ.டி. டார்ச், ஒரு வாட் மின்சாரத்துக்குச் சுமார் 100 லூமன் தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்லதாக இருந்தால் சற்றுக் கூடுதலாகவும் தரும். அப்படியானால் 50,000 லூமனுக்கு 500 வாட் வேண்டும். அது சமையலறையில் ஒரு மிக்ஸி இழுக்கும் மின்சாரம். அதைக் கட்டைவிரல் தடிமனுள்ள ஒரு செல் தர வேண்டுமென்றால் அதிலிருந்து ஏறத்தாழ 140 ஆம்பியர் பாய வேண்டும். 10, 20 ஆம்பியரிலேயே நல்ல செல்களுக்கு எல்லை வந்துவிடுகிறது. இப்போது உண்மையான கணக்கு. 2,500 மில்லி ஆம்பியர் மணி உள்ள செல்லை அதன் 3.6 வோல்ட்டால் பெருக்கினால் 9 வாட் மணி கிடைக்கிறது. அந்தச் செல் 1,000 லூமனில் ஒரு மணி நேரம்கூட முழுதாகத் தாங்காது. 300 லூமனில் சுமார் 3 மணி நேரம் எரியும். 100 லூமனில் ஒரு இரவு முழுவதும் எரியும். உங்கள் தந்தையார் வயலில் எத்தனை நேரம் இருப்பார் என்பதை வைத்து நீங்களே முடிவு செய்யலாம்.

இதில் மறைந்திருக்கும் இன்னொரு விஷயம் சூடு. கையடக்க டார்ச்சில் 1,000 லூமன் ஓடினால் சில நிமிடங்களில் உடல் கொதிக்கத் தொடங்கும். ஒழுங்காகச் செய்யப்பட்ட டார்ச் அப்போது தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் லூமன் பெரும்பாலும் முதல் சில நிமிடங்களுக்கான எண்தான். உடல் அலுமினியமாக இருக்க வேண்டும் என்று சொல்வதும் சூடு வெளியேறுவதற்காகத்தான்.

தூரத்துக்கு லூமனைப் பார்க்காதீர்கள். காண்டெலா என்ற எண்ணைத் தேடுங்கள். லூமன் என்பது டார்ச்சிலிருந்து வரும் மொத்த வெளிச்சம். காண்டெலா என்பது அது ஒரே திசையில் எவ்வளவு செறிவாகப் போகிறது என்பது. காண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டரில் தூரம் கிடைக்கும். 10,000 காண்டெலா என்றால் 200 மீட்டர். தூரத்தை இரு மடங்காக்கி 400 மீட்டர் ஆக்க 20,000 போதாது, 40,000 வேண்டும். ஏ.என்.எஸ்.ஐ. எஃப்.எல்.1 என்ற தரமுறை வகுத்திருக்கும் இந்தத் தூரம், விழும் வெளிச்சம் 0.25 லக்ஸாக, அதாவது பௌர்ணமி நிலவொளி அளவுக்குக் குறையும் இடம் வரை அளக்கப்படுவது. கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவது அதில் பாதித் தூரம் என்று கொள்வது பாதுகாப்பு.

நம் பக்கத்துக்கு இது எவ்வளவு தேவை என்றும் பார்த்தேன். ஒரு வேலி நிலம் 20 மா, அதாவது ஏறக்குறைய 6.67 ஏக்கர். அது சரியான சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் சுமார் 164 மீட்டர். உங்களுடையது மொத்தமே 15 மா என்பதால் 10,000 காண்டெலா உள்ள டார்ச் தாராளமாகப் போதும். நடுவில் நின்றால் நான்கு பக்கமும் எட்டும். 2 கிலோமீட்டர் வெளிச்சம் உங்கள் வயலைத் தாண்டிப் பக்கத்து ஊர்க் கோயில் கோபுரத்தில்தான் போய் விழும். அதற்காக உங்கள் பணத்தைச் செலவிட வேண்டியதில்லை.

பாபநாசம் விவசாயி

ஆசிரியை அம்மா சொன்ன கணக்கு சரி. ஆனால் முப்பது ஆண்டுகளாக இரவில் வரப்பில் நடப்பவன் என்ற முறையில் நான் வேறு ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். அளவுக்கு மீறிய வெளிச்சம் வயலில் உதவி செய்வதில்லை; ஆபத்தைக்கூடக் கொண்டுவரும். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். பளீரென்ற வெளிச்சத்தைக் காலடியில் அடித்துவிட்டால் அந்த வட்டத்துக்குள் எல்லாம் வெள்ளையாகத் தெரியும். வட்டத்துக்கு வெளியே ஒன்றுமே தெரியாது. பாம்பு பெரும்பாலும் அந்த வட்டத்தின் ஓரத்தில்தான் இருக்கும். நடக்கும்போது 100 லூமன் அளவில், அகலமாகப் பரவும் வெளிச்சமே நல்லது. அதிக வெளிச்சத்தை நின்று, தூரத்தில் பார்க்க மட்டும் பயன்படுத்த வேண்டும். எனவே அதிகபட்சம் எத்தனை லூமன் என்று கேட்பதை விட, குறைந்த நிலையும் நடு நிலையும் நன்றாக இருக்கின்றனவா என்று கேளுங்கள்.

வெளிச்சத்தின் நிறமும் முக்கியம். நீலம் கலந்த வெள்ளை வெளிச்சத்தில் ஈரக் களிமண், காய்ந்த வைக்கோல், விரியனின் உடல் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். சற்று மஞ்சள் சேர்ந்த, 4,000 முதல் 5,000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் எண்) வரையுள்ள வெளிச்சத்தில் பழுப்பு நிறமும் அதன் மேலிருக்கும் புள்ளிகளும் பிரிந்து தெரிகின்றன. உங்கள் தந்தை பிரி என்று நினைத்ததற்கு வெளிச்சம் மங்கியது மட்டும் காரணமாக இருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது. மார்கழிப் பனியிலும் இதே பயன் உண்டு. பனி மூடிய நேரத்தில் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்த பிரகாசமான வெளிச்சம் வெள்ளைத் திரைபோல் திரும்பி முகத்திலேயே அடிக்கும், இடுப்புக்குக் கீழே இறக்கிப் பிடித்தால் வழி தெரியும்.

அந்தக் காரணத்தாலேயே வயலுக்குத் தலைவிளக்கை நான் பரிந்துரைப்பதில்லை. பயிரில் புகையானும் குருத்துப்பூச்சி அந்துகளும் இருக்கும் காலத்தில் வெளிச்சத்தைத் தேடி வரும் பூச்சிகள் எல்லாம் கண்ணிலும் வாயிலும் விழும். மேலும் நெற்றியிலிருந்து அடிக்கும் வெளிச்சத்தில் நிழல் தெரியாது. நிழல் இல்லாவிட்டால் மேடு பள்ளம் தெரியாது. ஒரு முறை செய்து பாருங்கள்: தண்ணீர் கட்டிய வயலில் மட்டம் இறங்கிக்கொண்டே போகிறது, எங்கே போகிறதென்று தெரியவில்லை என்றால், டார்ச்சை முழங்காலுக்குக் கீழே இறக்கி, வரப்பின் பக்கவாட்டில் சாய்வாக அடியுங்கள். நண்டு வளையின் வாயில் தண்ணீர் சுழித்து இறங்கும் இடம் ஒரு சிறு கருப்பு நிழலாகத் தனியே தெரியும். மேலிருந்து நேராக அடித்தால் அதைப் பத்து முறை தாண்டிப் போனாலும் காணமாட்டீர்கள்.

டார்ச் இருக்கிறது என்பதற்காக வெறுங்காலோடு போக விடாதீர்கள். கணுக்காலுக்கு மேல் வரும் ரப்பர் பூட்ஸும் தரையைத் தட்டிக்கொண்டே நடக்க ஒரு கம்பும் வேண்டும். வெளிச்சத்தைக் கண்டு பாம்பு விலகுவதில்லை. காலடி அதிர்வை உணர்ந்துதான் விலகுகிறது.

வேதாரண்யம் உப்பளத்து வீடு

தலைவிளக்கைப் பற்றி பாபநாசத்து ஐயா சொன்னது வயலுக்குச் சரியாக இருக்கலாம். எங்கள் வீட்டில் உப்பளத்துக்கு வெயில் ஏறும் முன்பே, விடியற்காலை இரண்டு மூன்று மணிக்கே போகிறார்கள்; இரண்டு கையும் வேலையில் இருக்கும் இடத்தில் தலைவிளக்கு இல்லாமல் முடியாது. மோட்டார் கொட்டகையில் ஃபியூஸ் போடுவதற்கும் அதுவே நல்லது. பணம் மிஞ்சினால் சிறியதாக ஒன்று வாங்கிக் கொட்டகையில் மாட்டி வையுங்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் பக்கம் கரையைக் கடந்தபோது கம்பங்கள் எல்லாம் சாய்ந்து, பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. எங்களிடம் அப்போது இருந்தவை இரண்டும் பிளக்கில் செருகும் வகைதான். மூன்றாம் நாள் இரண்டுமே அணைந்துவிட்டன. கைக்குழந்தையோடு மெழுகுவத்தியில் இருந்தோம். பக்கத்து வீட்டுப் பையனிடம் யு.எஸ்.பி. டார்ச் ஒன்று இருந்தது. அவன் அதை டிராக்டர் பேட்டரியில் கார் சார்ஜரை இணைத்து ஏற்றிக்கொண்டான். டைப் சி வழியாக ஏறுவதாக வாங்குங்கள். பவர் பேங்க், வண்டி, எதிலிருந்தும் ஏற்றலாம். மேலே சின்னச் சூரியத் தகடு ஒட்டியிருப்பதை நம்பி அதிக விலை கொடுக்க வேண்டாம். எங்களுடையதை இரண்டு நாள் முழு வெயிலில் வைத்தும் ஒரு மணி நேரம் ஒழுங்காக எரியவில்லை.

நீடாமங்கலத்து மகன்

அனைவருக்கும் மிக்க நன்றி. பாபநாசத்து ஐயா சொன்ன பிறகு அப்பாவிடம் கேட்டேன். பழைய லைட் நன்றாக எரிந்த காலத்திலும் வெளிச்சம் நீலமாக இருக்கும் என்றும், மண்ணும் சருகும் பிரித்துத் தெரியாது என்றும் சொன்னார். இன்னும் இரண்டு சந்தேகங்கள் உள்ளன. ஜூம் வகையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. இன்னொன்று, அப்பாவுக்கு விரல்களில் லேசான நடுக்கம் உண்டு. சேற்றுக் கையோடு அமுக்கும்போது, மின்னி மின்னி எரியும் நிலைக்குப் போய்விடுகிறதென்று முன்பு ஒரு லைட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சோஃபிர்ன், வுர்க்கோஸ் போன்ற டார்ச் நிறுவனப் பெயர்களை நண்பர் ஒருவர் சொன்னார், அவை எப்படி?

கும்பகோணம் ரிப்பேர் கடை

ஜூம் வேண்டாம், தம்பி. லென்ஸை இழுத்துக் குவிக்கும்போது வெளிச்சத்தில் கணிசமான பகுதி குழாயின் உள்சுவரிலேயே வீணாகிறது. அதை விடப் பெரிய குறை, இழுக்கும் இடத்தில் இடைவெளி இருப்பதால் தண்ணீர் உள்ளே போகும். அசையாத கண்ணாடியும் அதன் பின்னால் ஆழமான ரிஃப்ளெக்டரும் உள்ளதை வாங்குங்கள். நடுவில் கூர்மையான வெளிச்சமும் சுற்றிலும் பரவலும் ஒரே நேரத்தில் கிடைக்கும். நீர் காப்பு ஐ.பி.எக்ஸ்.7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும், ஐ.பி.எக்ஸ்.4 என்றால் தெறிக்கும் நீரை மட்டுமே தாங்கும். வாய்க்காலில் தவறி விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்து முன்னதைத் தேர்ந்தெடுங்கள்.

நீங்கள் சொன்ன பெயர்கள் நல்லவைதான். வுர்க்கோஸ் எஃப்.சி.11, சோஃபிர்ன் எஸ்.சி.31 புரோ இரண்டும் 18650 செல்லில் இயங்குபவை, டைப் சி வழியாக ஏறுபவை. ஆனால் எஸ்.சி.31 புரோவில் ஒரே பொத்தானை எத்தனை முறை, எவ்வளவு நேரம் அமுக்குகிறோம் என்பதைப் பொறுத்துப் பல நிலைகள் மாறும். இளைஞர்களுக்கு அது பிடிக்கும். நடுங்கும் விரலுக்கு அது துன்பம். அப்பாவுக்கு வேண்டியது, அமுக்கினால் கடைசியாக வைத்த நிலையிலேயே எரிய வேண்டும், மின்னும் நிலை வழியில் குறுக்கே வரக் கூடாது. கடையில் வாங்கினால் அவரையே கூட்டிப் போய், கையை நனைத்துக்கொண்டு அமுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சார்ஜரைப் பற்றி ஒரு சொல். விலை குறைந்த டார்ச்சுகள் பலவற்றில், இரண்டு முனையும் டைப் சி உள்ள வயரில் சார்ஜ் ஏறாது. லைட் கெட்டுவிட்டது என்று எண்ணிக்கொண்டு என்னிடம் எடுத்து வருகிறார்கள். ஒரு முனை பழைய சதுர யு.எஸ்.பி.யாக உள்ள வயரையே கூடவே கட்டி வைத்துவிடுங்கள்.

நீடாமங்கலத்து மகன்

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவை அழைத்துக்கொண்டு திருவாரூரில் நான்கு கடைகள் ஏறி இறங்கி வாங்கிவிட்டோம். அலுமினிய உடல், கழற்றக்கூடிய 18650 செல், 3,000 மில்லி ஆம்பியர் மணி, 10,500 காண்டெலா, ஐ.பி.எக்ஸ்.7. லூமன் 700 என்றுதான் போட்டிருக்கிறது. விலை 1,240 ரூபாய். கடைக்காரரிடம் கேட்டுச் செல்லை எடை போட்டுப் பார்த்தேன். 46 கிராம் இருந்தது. பூட்ஸும் வாங்கியாயிற்று.

அன்றிரவு நானும் அவருடன் போனேன். தளடிப் பயிர் இடுப்பளவு நின்றது. கீழ்வரப்பு வரை போய் நின்று அதிக நிலையில் ஒரு முறை சுற்றிலும் அடித்தார். எங்கள் எல்லைக்கல்லும் அதற்கு அப்பால் வாய்க்கால் கரையிலுள்ள கருவேலமும் தெளிவாகத் தெரிந்தன. பிறகு குறைத்து, பாபநாசத்து ஐயா சொன்னபடி முழங்காலுக்குக் கீழே இறக்கி அடித்தபடி வந்தவர், மூன்றாவது வயலின் மூலையில் நின்று, “இங்கே பார்” என்றார். நண்டு வளையில் தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. டார்ச்சை என்னிடம் கொடுத்துவிட்டு, ஒரு கை களிமண்ணை அள்ளி அடைத்து, குதிகாலால் மிதித்து இறுக்கினார்.

ஒரு சிறு பிரச்சினை மட்டும் உண்டு. வேட்டி மடியில் செருகும்போது பொத்தான் அமுங்கித் தானாக எரிகிறது. காலையில் எடுத்தால் சார்ஜ் பாதியாகிவிடுகிறது.

கும்பகோணம் ரிப்பேர் கடை

பின்மூடியைக் கால் சுற்று தளர்த்தி வைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான அலுமினிய டார்ச்சுகளில் அப்படிச் செய்தால் இணைப்பு விட்டுப்போகும். பொத்தானை அமுக்கினாலும் எரியாது. எடுக்கும்போது இறுக்கிக்கொள்ளலாம். மூடியின் உள்ளே உள்ள ரப்பர் வளையத்தில் சேறு ஒட்டியிருந்தால் துடைத்து, துளி சிலிகான் கிரீஸ் தடவி வையுங்கள். சித்திரை, வைகாசியில் வேலையில்லாமல் கிடக்கும்போது முழுதாகத் தீரவிட்டு வைக்க வேண்டாம். பாதி சார்ஜில் நிழலான இடத்தில் வைத்து, மேட்டூர் திறந்ததும் ஒரு முறை முழுதாக ஏற்றிக்கொண்டால் போதும்.